மடியில் சொளகும் வயிற்றில் பிள்ளையும்

கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும்போது "புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?" என்று கேட்டால், எங்கள் பக்கத்துப் பெண்கள் சிரித்துவிடுவார்கள். "என்ன சிஸ்டர், இப்படிக் கேக்கீங்க?" என்பார்கள். நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கும் தென்காசி மாவட்டத்து ஆலங்குளம், கடையம் வட்டாரத்தில் சிகரெட் பிடிக்கும் பெண் அரிதுதான். ஆனால் நிகோடின் உடம்புக்குள் போவதற்குப் புகைதான் வேண்டும் என்றில்லை. வெற்றிலையோடு போடும் புகையிலை, பல்வலிக்கு ஈறில் தேய்க்கும் மூக்குப்பொடி, வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து இழுக்கும் பீடி என்று வழிகள் நிறைய. எங்கள் ஊர்களில் இன்னொரு பெரிய வழி பீடி சுற்றுவது.

அதனால் நான் வேறு விதமாகக் கேட்கிறேன். "வெத்தலை போடுவீங்களா? கூட என்ன சேர்ப்பீங்க? வீட்ல யாரு பீடி குடிக்காங்க? நீங்க சுத்துவீங்களா?" இப்படிக் கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். மசக்கைக் குமட்டலுக்கு ஒரு துண்டு புகையிலை அடக்கிக்கொள்வேன் என்று சொல்பவர்கள் உண்டு. பசி தெரியாமல் இருக்கப் போடுகிறேன் என்று மெல்லச் சொல்பவர்களும் உண்டு. கேட்கும்போது மனசு கனத்துப்போகும்.

பீடி வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து சொளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் நனைத்து வெட்டிய இலை, மறுபக்கம் புகையிலைத் தூள். இலையில் தூளை வைத்து உருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்க விரல்கள் தூளிலேயே கிடக்கும். ஏழாம் மாதத்தில் சொளகு வயிற்றில் முட்டும். அதை முழங்கால் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு வேலை தொடரும். தூள் தோல் வழியாகவும் போகிறது, மூச்சு வழியாகவும் போகிறது. நிகோடின் உடம்பில் மாறி உண்டாகும் கோட்டினின், பீடி சுற்றுபவர்களின் சிறுநீரில் இருப்பதை நம் நாட்டு ஆய்வாளர்களே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

தாயின் உடம்பில் சேர்வதை நஞ்சுக்கொடி வடிகட்டிவிடாது. நிகோடின் அதைச் சுலபமாகத் தாண்டிப் பிள்ளையிடம் போய்விடும். கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்களையும் சுருக்கும். புகையாக உள்ளே போனால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து, பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய ஆக்சிஜனைக் குறைக்கும். எடை குறைவது, மாதம் நிறையாமல் பிறப்பது, வயிற்றிலேயே இறந்துபோவது, பிறந்த பின் தூக்கத்தில் திடீரென்று மூச்சு நின்றுபோவது, மூச்சிரைப்பு எல்லாமே இதனோடு தொடர்புடையவை. வளர்ந்தபின் கவனச் சிதறல் வருவதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதில் குடும்பச் சூழலின் பங்கைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம் என்பதால், வீடுகளில் நான் அதைச் சொல்லிப் பயமுறுத்துவதில்லை.

மென்றால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கைதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. மும்பையில் 1,217 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2004இல் வெளியான ஆய்வில், புகையில்லாப் புகையிலை பயன்படுத்திய தாய்மார்களின் பிள்ளைகள் சராசரியாக 105 கிராம் குறைந்த எடையோடு, ஆறு நாள் முன்னதாகவே பிறந்திருந்தார்கள். ஸ்வீடனில் உதட்டுக்குள் அடக்கும் புகையிலையைப் பயன்படுத்திய தாய்மார்களின் பச்சிளம் பிள்ளைகளுக்கு மூச்சு விட்டு விட்டு நிற்கும் ஆபத்து கூடியிருந்தது. அங்கேயும் புகை கிடையாது.

105 கிராம் பெரிய எடையா என்று பயிற்சி வகுப்பில் ஒருவர் கேட்டார். 3.2 கிலோ பிள்ளைக்குப் பெரிதில்லை. எங்கள் பிள்ளைகள் பலர் 2.5 கிலோ என்ற கோட்டை ஒட்டித்தான் பிறக்கிறார்கள். தராசுக் கொக்கியில் துணியைத் தொட்டில் போலத் தொங்கவிட்டு நிறுக்கும்போது, முள் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றால் அந்த வீட்டின் நடைமுறையே மாறிவிடும். சூடு காக்க வேண்டும், உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளைக்குப் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்ட வேண்டும், சளி பிடித்தால்கூட ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அப்படி ஒரு வீட்டில்தான் ஒரு மாமியார் என்னிடம், "நாங்கள்லாம் சுத்திக்கிட்டேதான் பெத்தோம் நர்ஸம்மா, எம்மவன் என்ன கெட்டாப் போயிட்டான்?" என்றார். அவரை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டு அடுப்பு எரிவதே பீடிக் கூலியில்தான். "பிள்ளை பிறக்குற வரைக்கும் அவ இலை மட்டும் வெட்டட்டும், தூள் போட்டுச் சுத்துறது நீங்க செய்யுங்க. திண்ணையிலயே வேலையை முடிச்சு, கை கழுவி, சேலையை மாத்திட்டு உள்ள போங்க" என்றேன். சரி என்றார், செய்யவும் செய்தார்.

மென்று பழகியவர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்வது, இன்றைக்கே விட்டால்கூடப் பலன் உண்டு என்பதை. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஓர் ஆய்வில், 15 வாரத்துக்குள் சிகரெட்டை விட்ட பெண்களுக்குக் குறைப்பிரசவமும் எடை குறைந்த பிள்ளையும், சிகரெட்டே பிடிக்காதவர்களின் அளவில்தான் இருந்தன. நாள் தள்ளிப்போன உடனே வந்து பதிவு செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிரசவத்துக்கு அப்புறம் நிகோடின் பாலிலும் வரும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, புகையிலையைத்தான் நிறுத்த வேண்டும்.

கூலிக்கு என்ன செய்வது என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் இருந்து சுற்றும் பெண்ணையும் தொழிலாளியாகவே கணக்கில் எடுத்தது, பேறுகால உதவியும் அதில் இருந்தது. நான் பார்த்த பல வீடுகளில் பீடித் தொழிலாளர் அட்டை மாமியார் பெயரில் இருக்கிறது, சுற்றுவது மருமகள். பிள்ளை உண்டான பிறகு பெயர் சேர்க்க ஓடினால் காரியம் நடப்பதில்லை. அதனால் கல்யாணமாகி ஊருக்கு வரும் பெண்ணிடம், இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் முதல் நாளிலேயே, "உன் பேர்ல அட்டை இருக்காம்மா?" என்று கேட்டுவிடுகிறேன்.