பின்புறத்தில் பெயர் இல்லை

என்னிடம் இருக்கும் புகைப்பட அஞ்சலட்டைகளில் பெரும்பாலானவற்றின் பின்புறம் வெறுமையாகவே இருக்கிறது. அஞ்சல்தலை இல்லை, முகவரி இல்லை, முத்திரையும் இல்லை. முன்புறத்தில் யாரோ ஒருவர், தம்மிடம் இருந்தவற்றுள் நல்ல உடையை அணிந்துகொண்டு, நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்து, இன்னொரு கையை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். புகழ்பெற்றவர்களின் படங்களையும் நகரக் காட்சிகளையும் நான் சேர்ப்பதில்லை. யாரென்றே தெரியாத சாதாரண மனிதர்களின் அட்டைகளை மட்டும் தேடி வாங்குகிறேன். முன்பின் தெரியாதவர்களின் படம் உனக்கு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான்.

உலகின் முதல் அஞ்சலட்டை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசில் வெளியானது. அதில் படம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், பின்புறத்தில் அஞ்சலட்டைக்குரிய கோடுகள் முன்னரே அச்சிடப்பட்ட புகைப்படத் தாள்கள் பரவலாக விற்பனைக்கு வந்தன. 1903-இல் கோடக் நிறுவனம் கொண்டுவந்த மடக்குக் கேமரா ஒன்றின் நெகட்டிவ் 3¼ அங்குல அகலமும் 5½ அங்குல நீளமும் கொண்டது, அதாவது ஏறத்தாழ ஓர் அஞ்சலட்டையின் அளவு. நெகட்டிவைத் தாளின் மேல் வைத்து ஒளி பாய்ச்சினால் போதும். படத்தைப் பெரிதாக்கும் கருவி எதுவும் தேவையில்லை. இப்படிச் செய்த அட்டைகளில் ஒரு படத்துக்குச் சில பிரதிகள் எடுத்திருப்பார்கள், சில வேளைகளில் ஒன்றே ஒன்றுதான் எடுத்திருப்பார்கள். அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அடித்த காட்சி அட்டை ஒன்றைத் தவறவிட்டால் இன்னொன்று கிடைக்கும். இதைத் தவறவிட்டால் பெரும்பாலும் அவ்வளவுதான்.

தொடக்க கால அட்டைகளின் பின்புறத்தில் முகவரியை மட்டுமே எழுதலாம் என்று விதி இருந்ததால், செய்தியைப் படத்தின் ஓரங்களிலேயே நெருக்கி எழுதினார்கள். பின்புறத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் செய்தி எழுதிக்கொள்ளும் உரிமையைப் பிரிட்டன் 1902-இலும் அமெரிக்கா 1907-இலும் வழங்கின. முகத்தின் மேல் மை படாமல் போனது நமக்கு நல்லதே. ஆனால் எழுத இடம் கிடைத்த பிறகும் பெயரை எழுதியவர்கள் குறைவு. அண்ணனுக்குத் தன் படத்தை அனுப்பும் தங்கை, இது உன் தங்கை என்றா எழுதுவாள்? புதுச் சட்டை எப்படி இருக்கிறது என்று கேட்பாள், கால் வலி தேவலையா என்று விசாரிப்பாள். முகத்தைத் தெரிந்தவருக்குப் பெயர் மிகை. அதோடு, இந்த அட்டைகளில் பல அஞ்சல் பெட்டியையே பார்க்காதவை; உறைக்குள் கடிதத்தோடு சென்றிருக்கும், அல்லது நேரில் கைமாறியிருக்கும்.

முகங்களைத் தெரிந்தவர்கள் இருந்தவரை ஆல்பமும் முழுதாக இருந்தது. பிறகு அது விற்பனைக்கு வரும். தனித்தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் பிரிக்கப்படும். ஒரே பெண்ணின் பத்து வயதுப் படமும் திருமணப் படமும் முதுமைப் படமும் மூன்று பேர் கைக்குப் போய்ச் சேரும். பெயரில்லாத மனிதர்கள் என்று நாங்கள் சேகரிப்பாளர்கள் கொஞ்சம் கவித்துவமாகப் பேசிக்கொள்கிறோம். அவர்களுக்குப் பெயர் இல்லாமல் இருந்ததே இல்லை. வழியில் எங்கோ அது கழற்றப்பட்டது, அதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

ஆங்கிலேய ஓவியர் டாம் ஃபிலிப்ஸ் இத்தகைய அட்டைகளை ஐம்பதாயிரத்துக்கு மேல் சேர்த்தவர். 2004-இல் அவற்றில் ஒரு பகுதி லண்டனின் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பிரிட்டனின் பெருமைக்குரியவர்களின் உருவங்களுக்காக 1856-இல் நிறுவப்பட்ட அந்த இடத்தில், யாரென்று தெரியாதவர்கள் சுவரேறியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சைக்கிளோடு நிற்பவர்கள், புத்தகம் வைத்திருப்பவர்கள் என்று அவர் படங்களைப் பொருள் வாரியாகப் பிரித்தார். எனக்கு அந்த முறை ஒத்துவரவில்லை. நான் பின்திரையை வைத்துப் பிரிக்கிறேன்.

ஸ்டூடியோக்காரர் எளிதில் பின்திரையை மாற்றுவதில்லை. தோட்டமும் கல்படிகளும் தீட்டிய ஒரு திரை, அதன் இடது கீழ் மூலையில் நீர் பட்டதுபோல் ஒரு கறை. அந்தக் கறையோடு ஓர் அட்டையும், சில ஆண்டுகள் கழித்து வேறொரு விற்பனையாளரிடமிருந்து இன்னோர் அட்டையும் என்னிடம் வந்தன. முதலாவதில் தொப்பி வைத்த இரு பெண்கள். இரண்டாவதில் அசைந்துவிட்டதால் முகம் கலங்கிப்போன ஒரு குழந்தை. அதே நாற்காலி, அதே சுருங்கிய கம்பளம். இவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனாலும் அந்த மூவரும் ஒரே தரையில் நின்றவர்கள் என்பது இப்போது உறுதி; அதை நான் இட்டுக்கட்டவில்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கதை கட்டினேன், சோகமான கண்கள் என்றால் உடனே ஒரு காதல் தோல்வி. அசையாமல் நிற்கச் சொன்னதால் வந்த முகத்தைத் துயரம் என்று எண்ணிய காலம் அது.

இப்போது அட்டை தருவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உருப்பெருக்கியில் புள்ளிகளாகச் சிதறினால் அச்சடித்தது; தொடர்ச்சியான சாயலாகத் தெரிந்தால் உண்மையான புகைப்படம். சாய்த்துப் பார்க்கும்போது இருண்ட பகுதிகளின் ஓரத்தில் கண்ணாடிபோல் ஒரு வெள்ளிப் பளபளப்புத் தோன்றினால், அது படத்திலிருந்த வெள்ளி மெல்ல மேலே வந்ததன் அடையாளம். சிலர் இதைக் குறை என்பார்கள். எனக்கு அது சான்று. அஞ்சல்தலை ஒட்டும் கட்டத்தைப் பார்த்துக் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம்: ‘ஆஸோ’ என்னும் புகைப்படத் தாளில் அந்தக் கட்டத்தின் மூலைகளில் உள்ள நான்கு முக்கோணங்களும் மேல்நோக்கி இருந்தால் 1904 முதல் 1918 வரை, இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் 1918 முதல் 1930 வரை என்பது சேகரிப்பாளர்களின் கணக்கு.

கட்டத்தைப் பார்க்கும் இந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது. ஆல்பத்தின் கறுப்புத் தாளோடு ஒட்டியபடியே ஓர் அட்டை வாங்கியிருந்தேன். படைச் சீருடையில் ஓர் இளைஞன், தோளைவிடச் சற்றுப் பெரிய மேலங்கி. புகைப்படத் தாள் உருவாகும்போதே தண்ணீரில் அலசப்படுவதுதானே என்ற துணிவில், வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டுத் தாளைப் பிரித்தேன். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. திருப்பிப் பார்த்தபோது பின்புறம் முழுவதும் ஊதா நிறம் பரவிக்கொண்டிருந்தது. நகலெடுக்கும் பென்சிலால் யாரோ இரண்டு வரி எழுதியிருந்தார்கள். அந்தப் பென்சிலின் கரியோடு சாயம் கலந்திருக்கும். உலர்ந்திருக்கும்போது சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதா. முதல் உலகப் போரின் படைவீரர்கள் அதிகம் பயன்படுத்திய பென்சில் அது. சீருடையைப் பார்த்ததுமே எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். ரப்பரால் அழிக்க முடியாது என்பதற்காகவே மக்கள் விரும்பி வாங்கிய பென்சில் என்பது நினைவுக்கு வந்தபோது, கையில் ஒற்றுத்தாளை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

இரண்டாவது வரியின் தொடக்கத்தில் நீண்டு கீழிறங்கும் ஒரு வால் மட்டும் தப்பியது. அது ஒரு பெயரின் முதலெழுத்தாக இருக்கலாம், தேதியாகவும் இருக்கலாம். அன்றிலிருந்து ஒட்டிய அட்டைகளை ஒட்டியபடியே பாலியெஸ்டர் உறையில் வைக்கிறேன். சேகரிப்புக்கான பதிவேட்டில் ஒவ்வோர் அட்டைக்கும் தாள், காலம், பின்திரை, பெயர் என்று நான்கு பத்திகள் உண்டு. நான்காவது பத்தியில் வழக்கமாக ஒரு கோடு போட்டுவிடுவேன். அந்த இளைஞனுக்கு நேரே மட்டும் கோடு போடவில்லை; ‘இருந்தது’ என்று எழுதியிருக்கிறேன்.