பாறையில் நின்று பாறை பிடிக்க

தை மாதம் இரண்டாவது சனிக்கிழமை கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் கடற்கரைக்குத் தூண்டில் போடப் போகிறோம். நானும் நாகர்கோவில்காரனான என் கல்லூரி நண்பனும், இரண்டே பேர். மதுரையில் ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் நாகர்கோவில், அங்கிருந்து அவன் பைக்கில் அரை மணி நேரம், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே கிடக்கிற பாறைகள். போன வருஷமும் இதே திட்டம்தான். திட்டம் என்று சொல்வதே அதிகம், பஸ் டிக்கெட்டைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை. அதனால் இந்த முறை மூன்று வாரத்துக்கு முன்பே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால்தான் எது விட்டுப்போனது என்று எனக்குத் தெரியும்.

போன வருஷக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்தது ஏழடி ராடு, கண்மாயில் விரால் பிடிக்க வாங்கியது. காலில் ரப்பர் செருப்பு. முதல் ஒரு மணி நேரத்தில் தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்பது பாறை இடுக்கில் சிக்கி அறுந்து போனது. பத்தாவது தடவை எறிந்ததில் ஒரு பாறை மாட்டியது, மீன். இது ஒரு பெரிய குழப்பம், கல்லும் பாறை, மீனும் பாறை. "டேய் பாறை மாட்டிருச்சுடா" என்று நான் கத்த, "பத்தாவதும் போச்சா மக்கா?" என்று அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டான்.

ஒன்றரைக் கிலோ இருக்கும். காலடி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் நான் நின்ற இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே பத்தடி. வலை இல்லை, கீழே இறங்குவதற்கு வழியும் பார்த்து வைக்கவில்லை. அப்படியே தூக்கிவிடலாம் என்று ராடை வளைத்தேன். சிப்பி ஒட்டியிருந்த விளிம்பில் தூண்டில் நரம்பான தங்கூசி ஒரு உரசு உரசியது, அவ்வளவுதான், மீன் ஒரு வெள்ளிப் பளிச்சோடு உள்ளே போய்விட்டது. அது போன இடத்தையே பார்த்துக்கொண்டு என்னை அறியாமல் இரண்டு படி கீழே இறங்கியிருக்கிறேன். அப்போது வந்த அலை இடுப்பு வரைக்கும் அடித்தது. விழவில்லை, சடாரென்று உட்கார்ந்துவிட்டேன், அதனால் பிழைத்தேன். முட்டி இரண்டும் தேய்ந்து போனது, திறந்து வைத்திருந்த தூண்டில் சாமான் பெட்டி அப்படியே கடலுக்குள் மிதந்து போனது.

கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் பிளாஸ்டிக் பாட்டிலில் தங்கூசி சுற்றிய கைத்தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். ராடும் இல்லை, ரீலும் இல்லை, பக்கத்தில் பையில் மட்டும் மீன் இருந்தது. என்னை மேலே வரச் சொல்லிவிட்டு, "நீ நின்ன எடத்துல குழியில என்ன கெடந்துன்னு பாத்தியா மக்கா?" என்றார். பாறையில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், நான் அதை எங்கே பார்த்தேன். "தண்ணி கெடந்தா அது கடலுக்க எடம். உப்பு பூத்துக் கெடந்தா நீ நிக்கலாம்." அவர் உட்கார்ந்திருந்த இடத்துக் குழியைப் பார்த்தேன், விரல் வைத்தால் நொறுங்குகிற மாதிரி வெள்ளையாக உப்பு காய்ந்து கிடந்தது. பல நாளாக அலை எட்டாத இடம். என் குழியில் தண்ணீர் சில்லென்று இருந்தது. வீட்டுக்கு வந்து ராடு, ரீல் என்று எத்தனையோ வீடியோ பார்த்தேன், இதை எவரும் சொல்லவில்லை.

ஆகவே திட்டத்தில் முதல் வேலை மீன் இல்லை, நிற்கும் இடம். போனதும் தூண்டிலைப் பிரிக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். அரை மணி நேரம் மேலே உட்கார்ந்து கடலைப் பார்ப்போம். அலை ஒரே மாதிரி வராது, சின்னதாகப் பத்துப் பதினைந்து வந்துவிட்டு, நாம் அசந்த நேரத்தில் பெரிதாக மூன்று நான்கு சேர்ந்து வரும். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு "அமைதியாத்தான் இருக்கு" என்று இறங்குகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். பச்சைப் பாசி இருக்கிற பாறையில் கால் வைப்பதே இல்லை. பாறை கறுத்து ஈரமாகத் தெரிகிற கோடு எங்கே முடிகிறதோ அதற்கும் மேலேதான் நிற்பது.

ஏன் தை என்றால், முட்டம் கடல் தென்மேற்கைப் பார்த்து இருக்கிறது. ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் நிற்கவே முடியாது, தென்மேற்குப் பருவக்காற்று நேராக மோதும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வேறு. (ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம் எல்லாம் மேற்குக் கணக்கு.) கரையில் நின்று தூண்டில் போடுகிறவனுக்கு அந்தத் தடை இல்லைதான், ஆனால் கடலே தடை போட்டுவிடும். தை, மாசியில் காலையில் வாடைக்காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், அதாவது நம் முதுகிலிருந்து. எறிகிற போலி இரை, அதாவது லூர், கூடுதல் தூரம் போகும், கடலும் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். மத்தியானம் கடல்காற்று திரும்பி முகத்தில் அடிக்க ஆரம்பித்ததும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான்.

சித்திரை விடுமுறையில் போகலாம் என்று முதலில் நண்பன் சொன்னான். நான்தான் மாட்டேன் என்றேன். அந்த மாதங்களில்தான் கள்ளக்கடல் தொல்லை அதிகம். எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் அடித்து, அந்த அலை சில நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். இங்கே காற்றே இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், கடல் மட்டும் திடீரென்று ஏறி வரும். கள்ளன் மாதிரி வருவதால் அந்தப் பெயர், கேரளத்து மீனவர்கள் வைத்த பெயரை 2012ல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் போனது இப்படித்தான். முட்டத்திலிருந்து அது ஒன்றும் தூரம் இல்லை.

அதனால் வியாழக்கிழமையிலிருந்தே ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை எச்சரிக்கையைப் பார்ப்பேன், கூடவே காற்றையும் அலையையும் முன்கூட்டிக் காட்டுகிற விண்டி ஆப். ஆப்பில் எல்லாரும் அலையின் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள், பக்கத்தில் செகண்டில் ஒரு எண் இருக்கும், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி. எனக்கு அதுதான் முக்கியம். ஒரு மீட்டர் அலை 7 செகண்டில் வந்தால் சும்மா சளசளப்பு. முக்கால் மீட்டர்தானே என்று 16 செகண்ட் அலையை நம்பிப் போனால் அது பாறையில் ஏறிக்கொண்டே வரும், நீளமான அலைக்குப் பின்னால் அவ்வளவு தண்ணீர் இருக்கிறது. 14க்கு மேல் காட்டினால் பயணம் ரத்து. பஸ் டிக்கெட் காசு போனால் போகட்டும்.

கடல் தண்ணீர் ஏறி வற்றுகிற ஏற்ற இறக்கம் அங்கே பெரிதில்லை, ஒரு மீட்டருக்குள்தான். அதனாலேயே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் தனியாக நீட்டிக்கொண்டிருக்கிற பாறைக்குப் போகும் வழியில் முழங்கால் அளவு பள்ளம் இருந்தால், அந்த அரை மீட்டர்தான் நாம் திரும்பி வருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும். தண்ணீர் வற்றியிருக்கும்போது போய் அடிப்பாறை எப்படி இருக்கிறது, எங்கே இடுக்கு, எங்கே மணல் என்று போனில் படம் எடுத்துக்கொள்வது, ஏற ஆரம்பித்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் மீன் பிடிப்பது, இதுதான் யோசனை. ஏறுகிற தண்ணீரில்தான் மீன் பாறையோரம் மேய வரும்.

இனி சாமான்கள். மூன்று துண்டாகக் கழற்றுகிற பதினோரு அடி ராடு வாங்கிவிட்டேன் (வீட்டில் விலையைப் பாதியாகச் சொல்லியிருக்கிறேன், இதைப் படிக்கிறவர்கள் காட்டிக்கொடுக்க வேண்டாம்). 5000 சைஸ் ரீல், 30 பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னல் நூல். பிரெய்டு இழுவைக்கு அசுரன், உரசலுக்குக் கோழை, சிப்பியில் பட்டால் நூல் மாதிரி போகும். ஆகவே முனையில் 60 பவுண்டு தங்கூசி இரண்டு மீட்டர் லீடராக.

ஈயத்துக்கு நான் கண்ட மாற்று, பழைய ஸ்பார்க் பிளக். எங்கள் தெரு மெக்கானிக் ஒரு பை நிறையச் சும்மாவே கொடுத்தார், எதற்கு என்று கேட்டு, பதில் சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதைக் கட்டுவதில்தான் சூட்சுமம். மெயின் லைனை விட ரொம்ப மெல்லிசான, 10 பவுண்டு தங்கூசியில் பிளக்கைத் தனியாகத் தொங்கவிட வேண்டும். பிளக் இடுக்கில் மாட்டினால் அந்த மெல்லிசு மட்டும் அறும், தூண்டில் முள்ளும் மீனும் நம்மிடமே வரும். போன வருஷம் இது தெரிந்திருந்தால் ஒன்பது ஈயத்தோடு ஒன்பது முள்ளும் போயிருக்காது.

இரை கையில் கொண்டு போகப் போவதில்லை. காலையில் கரையில் சாளை, கணவாய் கிடைக்கும். கணவாய்த் துண்டு முள்ளில் கெட்டியாக நிற்கும், சின்ன மீன்கள் கொத்திக் காலி செய்ய முடியாது. அடியில் இரை போட்டால் கலவாயோ விளமீனோ. முனை உள்நோக்கி வளைந்த சர்க்கிள் முள் போடுகிறேன், அதில் கடித்ததும் வெட்டி இழுக்கிற கண்மாய்ப் பழக்கத்தை மறக்க வேண்டும், சும்மா ரீலைச் சுற்றினாலே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். விடிகிற நேரம் மட்டும் 40 கிராம் ஜிக் என்கிற உலோகப் போலி இரை, பாறை மீனுக்கும் சீலாவுக்கும். மழைத் தண்ணீர் கலங்கி வராமல் இருந்தால் கடியப்பட்டினம் பக்கம் வள்ளியாறு கடலில் சேர்கிற இடத்தையும் ஒரு பார்வை பார்க்க ஆசை, கொடுவா கிடைக்கும் என்பது நண்பனின் நம்பிக்கை. அவன் நம்பிக்கைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இந்தத் தடவை முதல் எறிதலுக்கு முன்பே மீனை எங்கே கரையேற்றுவது என்று முடிவு செய்துவிடுவோம். சரிவாக இறங்குகிற பாறை, அலை ஏறி வழிகிற இடம், அலையோடு மீனைத் தள்ளி மேலே விட்டுவிடலாம். இல்லாவிட்டால் நீளக் கம்பு வைத்த வலை. அதற்கும் எட்டாது என்றால் அங்கே தூண்டிலே போடுவதில்லை. மீனுக்காக ஈரக்கோட்டைத் தாண்டி ஒரு படி இறங்குவதில்லை, எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

இருவருக்கும் லைஃப் ஜாக்கெட். "வெயில்ல அவிஞ்சு போவோம் மக்கா" என்றான், அவியலாம். பிடிப்புள்ள ஷூ. இருபது மீட்டர் கயிற்றில் கட்டிய காலி எண்ணெய்க் கேன் ஒன்று, ஒருவன் விழுந்தால் இன்னொருவன் குதிக்காமல் இதைத்தான் எறிய வேண்டும். விழுந்தவன் பாறையைப் பிடித்து ஏறப் பார்க்கக் கூடாது, அடுத்த அலை அங்கேயே தேய்த்துவிடும், கடல் பக்கம் நீந்தி விலகி மிதக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554 இருவர் போனிலும் இருக்கிறது. பிளாஸ்கில் வெந்நீர், டீக்கு இல்லை, கெளுத்தி முள் குத்தினால் தாங்குகிற சூட்டில் கையை முக்கி வைக்க. விஷமுள்ள பேத்தை மீன் மாட்டினால் முள்ளைக் கழற்றித் திரும்ப விட்டுவிடுவது, அதைச் சமைத்துப் பார்க்கிற விஷப்பரீட்சை வேண்டாம்.

அங்கே பாறையில் சிப்பி எடுக்க மூழ்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் மிதவை தெரிகிற பக்கம் தூண்டில் எறியக் கூடாது, கரையிலிருந்து கரமடி வலை இழுக்கிற பக்கம் போய் நிற்கவும் கூடாது. அவர்களுக்கு அது பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள், இடம் காலியாக இருக்கும் என்று நண்பன் சொன்னான், ஆனால் அன்றைக்குச் சுற்றுலாக் கூட்டம் முதுகுக்குப் பின்னால் நிற்கும், நான் ராடை வீசினால் யார் காதில் முள் மாட்டும் என்றே தெரியாது. அதனால் சனிதான்.

ஸ்பார்க் பிளக்கில் கார்பனைச் சுரண்டிக் கழுவும் வேலை இன்னும் பாக்கி. இருபத்தி மூன்று இருக்கிறது. அந்தப் பெரியவருக்குப் பத்து எடுத்து வைத்திருக்கிறேன், அவர் அங்கே இருந்தால்.