37-க்கு மேல் முடியாது

மேலூரிலிருந்து அழகர்கோயில் போகிற ரோட்டில், கைவிடப்பட்ட நாய், பூனைகளை வைத்துப் பார்க்கும் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் மண்பாதையில் ஒரு கார் நின்றால் தண்ணீர் கேட்க வந்தவரா, நாயை இறக்க வந்தவரா என்று எனக்குத் தெரிந்துவிடும். தண்ணீர் கேட்க வருபவர் டிக்கியைத் திறக்க மாட்டார்.

நேற்று வந்தவர் திறந்தார். உள்ளே வெள்ளை வெளேர் என்று ஒரு ராஜபாளையம், ஒன்றரை வயது இருக்கும். "நல்ல சாதி நாய்தான் மேடம், ஆனா சொல்பேச்சே கேக்க மாட்டேங்குது, அடிச்சும் பாத்தாச்சு" என்றார். அதன் பின்னால் போய் நின்று பலமாகக் கை தட்டினேன். காது மடல் அசையவே இல்லை. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் பிறப்பது புதிதல்ல. பாவம், என்ன சொல்கிறார்கள் என்றே கேட்காத நாய் சொல்பேச்சு கேட்கவில்லை என்று இத்தனை நாளும் அடி வாங்கியிருக்கிறது.

முடியாது என்றேன். 26 நாய், 11 பூனை, ஆக 37, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. ஒரு காலத்தில் யார் கொண்டுவந்தாலும் வாங்கி, 52 வரை போனேன். அப்போது வந்த ஒரு குட்டிக்குப் பார்வோ என்கிற தொற்றுநோய் இருந்தது. தனியாக வைக்க இடமில்லை, இரண்டு நாள்தானே என்று மற்ற குட்டிகளுக்குப் பக்கத்திலேயே விட்டேன். ஆறு குட்டிகளைப் புதைத்தோம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் அந்தப் பட்டியில் ஒரு வருடம் எதையும் விடவில்லை.

இங்கே இருப்பதெல்லாம் யாரும் கேட்டு வராத உருப்படிகள். கண் தெரியாதது, கடிக்கிறது, கிழடு, கறுப்பு என்பதாலேயே யாருக்கும் வேண்டாமல் போன பூனை. அப்புறம் செவலை என்கிற நாய். நாலுவழிச் சாலையில் லாரி அடித்ததில் அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை, மூத்திரம் தானாகப் போகாது. ஒரு நாளைக்கு மூன்று வேளை நான்தான் எடுத்துவிட வேண்டும். அடிவயிற்றை இரண்டு பக்கமும் பிடித்தால் சின்ன மாங்காய் மாதிரி கெட்டியாகத் தட்டுப்படும், அதை நிதானமாக வால் பக்கம் தள்ளி அழுத்த வேண்டும், அவசரப்பட்டால் அவன் வயிற்றை இறுக்கிக்கொள்வான், அரைகுறையாக விட்டால் தங்கினதில் கிருமி சேர்ந்து சிறுநீரகம் வரை போய்விடும். மாங்காய் கைக்குள்ளேயே வாடின பலூன் மாதிரி ஆகும்வரை விடக்கூடாது. அக்கா மகள் காதுகுத்துக்குக்கூட நான் போகவில்லை. செவலையை யாரிடம் விட்டுப் போவது?

"எங்க தெருவுல நாலு நாய் இருக்கு, வந்து தூக்கிட்டுப் போங்க" என்று போன் வராத வாரம் இல்லை. தெருநாயைத் தூக்கிவந்து அடைக்க எனக்கு உரிமை கிடையாது. 2023-இல் வந்த விதிப்படி, கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். சொன்னால் திட்டிவிட்டுப் போனை வைத்துவிடுகிறார்கள்.

பூனைக்குப் பால்சோறு மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். கறியோ மீனோ இல்லாமல் அது தாங்காது, கண்ணும் இதயமும் கெட்டுப்போகும். காய்ச்சல் என்று நம் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

ரேஷன் அரிசியோடு கறிக்கடையில் வாங்கும் கோழிக்கழுத்தும் காலும் வேகிற வாசனைக்குப் பக்கத்துத் தோட்டத்து அப்பத்தா வந்துவிடும். "ஏத்தா, மனுசனுக்கே கஞ்சி இல்ல, நாய்க்குக் கறி கேக்குதோ?" என்று தினமும் ஏசும். ஏசிக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்து, கிழட்டு மணியின் காதிலிருந்து உண்ணி பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடும்.

சரி, அந்த ராஜபாளையம். அவரை உட்காரவைத்து, கூப்பிடாதீர்கள், தரையில் காலைத் தட்டுங்கள், அதிர்வு தெரிந்து திரும்பும், திரும்பினதும் கையைக் காட்டிச் சோறு வையுங்கள், தூங்கும்போது திடீரென்று தொடாதீர்கள் என்று அரைமணி நேரம் சொன்னேன். தலையாட்டினார். டிக்கியை மூடிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

முடியாது என்று நான் சொன்ன நாய்களில் பாதி, ராத்திரியோடு ராத்திரியாகப் பாதை முனை வேப்பமரத்தில் கட்டிக் கிடக்கும். இன்று விடியற்காலை ஐந்து மணிக்குச் செவலையிடம் போவதற்கு முன்னால் டார்ச்சை எடுத்துக்கொண்டு முனை வரை நடந்தேன். மரத்தடியில் ஒன்றும் இல்லை. கயிறுகூட இல்லை. திரும்பி வருவதற்குள் செவலை ஊளையிட ஆரம்பித்துவிட்டான்.