மணற்குளத்துப் பிள்ளையாரும் ஆயி மண்டபமும்

சங்கடஹர சதுர்த்தியன்று விடியற்காலையில் அம்மாவுடன் கடலூரிலிருந்து புதுச்சேரிப் பேருந்தில் ஏறினேன். முள்ளோடை வந்ததும், "இதுதான் அந்தக் காலத்து எல்லை" என்றார் அம்மா. 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி கைமாறும்வரை இரண்டு அரசுகளைப் பிரித்து நின்ற எல்லை அது. 1908இல் ஆங்கிலேயரின் பிடிக்குத் தப்பி வந்த பாரதியார், அந்த எல்லைக்குள் பத்தாண்டுகள் வாழ்ந்து, மணக்குளப் பெருமானைப் போற்றி விநாயகர் நான்மணிமாலையின் நாற்பது பாடல்களையும் பாடினார்.

மணல் சூழ்ந்த குளக்கரையில் வீற்றிருந்ததால் மணற்குளத்து விநாயகர் என்பதே நாளடைவில் மணக்குள விநாயகர் ஆயிற்று. பீடத்தை ஒட்டிய சிறு குழியில் இன்றும் நீர் வற்றுவதில்லை என்பார்கள். 1674இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே நிலைகொள்வதற்கு முன்பே இருந்த மூர்த்தி இவர். கடலில் கொண்டுபோய்ப் போட்டும் மீண்டும் கரைசேர்ந்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. இதே ஊரில் வேதபுரீஸ்வரர் கோயில் 1748இல் இடிக்கப்பட்டதை நினைக்கும்போது, அறுகம்புல் மாலையுடன் இவரைக் கண்ணாரக் காண்பதே பெரும் பேறாகத் தோன்றியது.

கோயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் பாரதி பூங்கா. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரரின் கோட்டை இருந்த பகுதி இது; 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினர். பின்னர் ஆளுநர் மாளிகைக்கு எதிரே அரசாங்கச் சதுக்கமாக விரிந்த இவ்விடத்தின் நடுவில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்ட வெண்ணிற ஆயி மண்டபம் நிற்கிறது. ஆயி ஒரு தேவதாசி. விளக்கொளியில் மின்னிய அவளுடைய மாளிகையைக் கோயிலென்று எண்ணி வணங்கிவிட்ட மன்னன், உண்மை தெரிந்ததும் அதை இடிக்க ஆணையிட, அவளே தன் கையால் இடித்து அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. பல நூற்றாண்டுகள் கழித்து முத்திரப்பாளையத்து ஊற்றிலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது, அந்த ஊற்றோடு சேர்ந்த அவளுடைய பெயரே இந்த மண்டபத்துக்கு வைக்கப்பட்டது. ஆளுநர்களின் மாளிகைக்கு முன்னால், சதுக்கத்தின் நடுவிடத்தைத் தண்ணீர் தந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்களே என்று நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அர்ச்சனைத் தட்டிலிருந்து வாழையிலையில் மடித்துத் தந்த பிரசாதத்தைப் பிரித்தார். அதிலிருந்த அறுகம்புல்லில் ஒரு கொத்தை எடுத்து மண்டபத்தின் படியில் வைத்தார். "குளக்கரைப் பிள்ளையார் பிரசாதம், குளம் வெட்டினவளுக்கும் சேரட்டும்" என்று கைகூப்பினார்.