வேலையை விட்டு அனுப்பப்பட்ட புனிதர்

கன்னியர் நடத்தும் மருத்துவமனை ஒன்றில், ஆண்கள் இலவச வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஜூலை 14 புனித கமில்லஸ் திருநாள். நோயாளிகளுக்கும் நர்ஸ்களுக்கும் பாதுகாவலர் என்பதால் அன்று எங்களுக்குத் திருப்பலி உண்டு, கேக்கும் உண்டு. மறையுரையில் அவருடைய பழைய வாழ்க்கை ஒரே வரியில் முடிந்துவிடும்: "இளமையில் கொஞ்சம் வழிதவறியவர்."

கொஞ்சமா? 1550இல் இத்தாலியின் புக்கியானிக்கோவில் பிறந்தவர், வெனிஸ் படையில் சிப்பாய், சூதில் ஊறியவர். காலில் ஆறாத புண். ரோமில், தீராத நோயாளிகளுக்கான புனித யாக்கோபு மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்தவர் அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார். சூதும் சண்டையும் ஓயவில்லை, வெளியே அனுப்பிவிட்டார்கள். 1574இல் நேப்பிள்ஸில் இருந்ததையெல்லாம் தோற்றார். அப்புறம் மன்ஃப்ரெதோனியாவில் கப்புச்சின் துறவிகளின் கட்டடத்தில் கூலி வேலை. மனம் மாறியது 1575 பிப்ரவரி 2 அன்று. துறவியாகப் போனால் அந்தப் புண்ணே தடை. திரும்பவும் அதே மருத்துவமனைக்கு வந்தார். அனுப்பிவிட்ட இடமே பின்னாளில் அவரை மேற்பார்வையாளராக வைத்தது.

முதலில் அனுப்பியதற்காக அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் வார்டிலும் மெத்தைக்கு அடியில் சீட்டுக்கட்டு இருக்கும், தலையணை உறைக்குள் குவார்ட்டர் இருக்கும். சர்க்கரைப் புண்ணோடு வந்து, டிரஸ்ஸிங் பாதியில் இருக்கும்போதே சொல்லாமல் கிளம்பி, புழு வைத்த பிறகு திரும்புகிறவர்களும் உண்டு. பக்கத்துக் கட்டில்காரர் தூங்க வேண்டாமா? ஆனால் ரோமில் அவர் திரும்பி வந்தபோது பழைய கணக்கைப் பார்த்துக் கதவைச் சாத்தவில்லையே, அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

சம்பளத்துக்கு இருந்த ஆட்கள் நோயாளிகளைக் கவனிக்காமல் விடுவதை அவர் கண்ணெதிரே பார்த்தார். நோயாளியாகவும் அங்கே கிடந்தவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1584இல் குருவானார். 1586இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ், நோயாளிகளைப் பார்க்க அவர் சேர்த்திருந்த குழுவை ஏற்று, அங்கியில் சிவப்புச் சிலுவை அணிய அனுமதித்தார். நோயில் கிடக்கும் ஒரே பிள்ளையைத் தாய் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும் என்று தன் ஆட்களுக்கு விதி எழுதினார். உயிர் போகும் ஆபத்திலும் நோயாளிக்குப் பணி செய்வோம் என்பது, ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று துறவிகள் வழக்கமாகக் கொடுக்கும் மூன்று வாக்குறுதிகளோடு அவர்கள் கொடுக்கும் நான்காவது வார்த்தைப்பாடு.

புண் மட்டும் ஆறவேயில்லை. 1614இல் இறக்கும்வரை அந்தக் காலோடுதான் கட்டில் கட்டிலாக நடந்தார். மனம் திருந்தினால் உடம்பும் சரியாகிவிடும் என்று குடிகார நோயாளிக்குப் புத்தி சொல்லும் உறவினர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ரசிப்பதில்லை.

போன திருநாளில் புதிதாகச் சேர்ந்த பெண் கேக் தட்டோடு வந்து கேட்டாள்: "அப்போ ஓடிப்போனவங்க எல்லாரையும் திரும்பச் சேர்த்துக்கணுமா அக்கா?"

"சேர்த்துக்கோ. சீட்டுக்கட்டை மட்டும் முதல்லயே வாங்கி வெச்சுடு."