விரல் போகும் தூரம்

"அன்ரி, பேப்பரைக் கொஞ்சம் மேல தள்ளி விடுங்கோ."

இன்று பின்னேரம் உப்புவெளியில், பக்கத்து வீட்டுத் தம்பி திருகோணமலைக் கோட்டை மான்களை வரைந்துகொண்டிருந்தான். அவனுக்கு டுஷென் தசைச்சிதைவு என்ற நோய். கையைத் தோளளவு தூக்கப் பலமில்லை. விரல்களில் இன்னும் இருக்கிறது.

இந்த நோயில் இடுப்பும் தோளும் முதலில் தளரும், விரல்கள் பிந்தித்தான். டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாததால் தசைநார்கள் இயங்க இயங்கச் சிதைகின்றன. 1987இல் அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள்; முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை.

அவனுடைய பென்சில் ஓடும் இடம் ஒரு தீப்பெட்டி அளவு.

அதற்குள் மானின் ஒரு காது. அடுத்த காதுக்கு யாராவது தாளை நகர்த்த வேண்டும். அதனால் கோடுகள் எல்லாம் குட்டை, நெருக்கம், ரோமம் ரோமமாய். கோட்டைக்குள் படுத்திருக்கும் அந்தப் புள்ளிமானின் தோலை இத்தனை கிட்டப் பார்த்தவர் திருகோணமலையில் வேறு யார்?

"பாவம், ஏதோ பொழுதுபோகுது" என்றார் வந்திருந்த ஒருவர். எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை செய்வது ஓவியம்.

கண்காட்சி வைப்பவர்களே, படத்துக்குக் கீழே நோயின் பெயரை எழுதாதீர்கள். அவன் பெயரை எழுதுங்கள். மண்டப வாசலில் ஒரு சாய்தளமும் போடுங்கள், சக்கர நாற்காலியில் அவனே வரட்டும்.