இரட்டை கேம் ஷாஃப்ட் ஹெட்: மேசைமேல் ஏற்றி, கையால் சுற்றி அளந்தது

என்ஜினின் சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் இருக்கும் பகுதியான ஹெட், மேசையில் இயங்கத் தொடங்கிவிட்டது. கைப்பிடியை இரண்டு முறை சுற்றினால், வால்வுகளைத் தள்ளித் திறக்கும் முனைகள் கொண்ட இரண்டு கேம் ஷாஃப்டும் ஒரு சுற்று முடிக்கின்றன. பன்னிரண்டு வால்வுகளும் தத்தம் முறை வரும்போது திறந்து மூடுகின்றன. இரட்டை கேமும் சிலிண்டருக்கு நான்கு வால்வும் எதற்கு என்பதைக் கையால் சுற்றி அளந்து பார்க்கும் முயற்சி இது. ஹெட்டைத் தாங்கும் சட்டம் செய்வதோடு போன பதிவு நின்றிருந்தது. அதன் பிறகு நடந்தவை இவை.

இது மாருதி கே10பி என்ஜினின் ஹெட். 998 சிசி, மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு நான்கு வால்வு. விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றியதை மார்த்தாண்டத்தில் ஓர் ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) வாங்கினேன். கேம் ஷாஃப்டுகளைச் சுழற்றும் டைமிங் செயினும், அது மாட்டும் பல்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட்டுகளும் அதனுடனேயே கிடைத்ததுதான் பெரிய லாபம். சட்டத்துக்கு அயனிப் பலகை. என்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுதான் கிராங்க்; இங்கே அதற்குப் பதிலாக, கிராங்க் ஸ்ப்ராக்கெட்டைப் பொருத்த ஒரு தண்டை லேத் பட்டறை அண்ணன் கடைந்து கொடுத்தார். என்ஜினில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்வது. என் மேசையில் எண்ணெய்ப் பம்பு ஏது? "தம்பி, செயின் தளர்ந்தால் நீ எடுக்கும் அளவெல்லாம் பொய்யாகிவிடும். டென்ஷனர் இடத்தில் ஒரு போல்ட்டை வைத்துத் திருகிவிடு" என்றார் லேத் பட்டறை அண்ணன். அப்படியே செய்தேன்.

ஹெட்டைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறேன். எரியறைப் பக்கம் என்னைப் பார்த்து இருப்பதால் நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜின் முனையை வால்வின் முகத்திலேயே வைக்க முடிகிறது. அலுமினிய ஹெட்டில் கேஜின் காந்த அடிப்பாகம் ஒட்டாது என்பதால் பக்கத்தில் ஓர் இரும்புத் தகடு. கிராங்க் தண்டில், டிகிரி குறித்த வட்டத்தாள் ஒட்டிய பிளைவுட். பிஸ்டன் இல்லாததால், அது மிக மேலே வரும் நிலையான மேல்முனை எது என்பதை ஸ்ப்ராக்கெட்டுகளில் இருக்கும் டைமிங் குறிகளை வைத்துத்தான் நிர்ணயித்தேன்.

அளக்கும் முன் ஒரு காகிதக் கணக்கு போட்டேன். நான்கு வால்வு எதற்கு என்ற கேள்விக்கு "காற்று அதிகம் போகும்" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு அதிகம்? இந்த என்ஜினின் சிலிண்டர் விட்டம் 73 மி.மீ. அந்த அளவுக்கு அட்டையில் வட்டம் வெட்டினேன். அதற்குள் இரண்டு சம வட்டங்களை வைத்தால் ஒவ்வொன்றும் அதிகபட்சம் 36.5 மி.மீ. அதில் ஒன்றுதான் காற்று நுழையும் இன்லெட்; மற்றது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட். மொத்தப் பரப்பில் கால் பங்கு. நான்கு சம வட்டங்கள் வைத்தால் ஒவ்வொன்றும் சுமார் 30.2 மி.மீ. அவற்றில் இரண்டு இன்லெட். பரப்பு 34 சதவீதம். வால்வு சற்றே திறந்திருக்கும் நேரத்தில் வித்தியாசம் இதைவிடப் பெரிது. அப்போது காற்று நுழைவது வால்வின் விளிம்பைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாக. 1 மி.மீ. திறந்திருந்தால் ஒற்றை இன்லெட்டில் அந்த இடுக்கின் பரப்பு சுமார் 115 சதுர மி.மீ., இரட்டை இன்லெட்டில் சுமார் 190. உண்மையான ஹெட்டில் வால்வுகளுக்கு இடையே உலோகம் இருக்க வேண்டும். ஆகவே வால்வுகள் இதைவிடச் சிறியவை. ஆனாலும் விகிதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவாகிவிட்டது.

அட்டையில் இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு வட்டங்கள் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. நான்கு வட்டங்களோ நடுவில் 12.5 மி.மீ. வட்டம் அளவுக்கு இடம் விடுகின்றன. ஸ்பார்க் பிளக்கின் இடம் அது. நடுவில் பற்றும் தீ எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரம் பரவினால் போதும். எரிதல் சீக்கிரம் முடிகிறது.

இப்போது கேம் ஷாஃப்டுக்கு வரலாம். கூரை வடிவ எரியறையில் இன்லெட் வால்வுகள் ஒரு பக்கமும் எக்ஸாஸ்ட் வால்வுகள் மறுபக்கமும் சாய்ந்து நிற்கின்றன. ஒரே கேம் ஷாஃப்டை நடுவில் வைத்தால், இரு பக்கமும் ராக்கர் என்ற நெம்புகோல் கைகளை நீட்டித்தான் வால்வுகளைத் தள்ள வேண்டும். பிளக்குக்கும் அதே நடு இடம்தான் வேண்டும். முடியாதது அல்ல. ஹோண்டா நிறுவனம் ஒற்றை கேமில் 16 வால்வு என்ஜின்களை ஆண்டுக்கணக்கில் செய்தது. இரட்டை கேமில் ஒவ்வொரு வரிசை வால்வுக்கும் நேர் மேலே ஒரு தண்டு நிற்கிறது. கேமின் முனை, கவிழ்த்த கிண்ணம் போன்ற டாப்பெட்டை அழுத்துகிறது. டாப்பெட் வால்வை அழுத்துகிறது. இடையில் வேறு எதுவும் இல்லை.

இதன் பயன் வேகத்தில் தெரியும். கிராங்க் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது கேம் 3000. அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 தடவை திறந்து மூட வேண்டும். மூடும் வேலை ஸ்பிரிங்குடையது. வேகம் இரட்டிப்பானால் தேவைப்படும் விசை நான்கு மடங்காகும். பாகங்கள் கனமாக இருந்தால் ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. டாப்பெட் கேமை விட்டு விலகி வால்வு மிதக்கத் தொடங்கும். சிறிய வால்வு, ராக்கர் இல்லாத அமைப்பு என்றால் அந்த எல்லை தள்ளிப்போகிறது.

1912-லேயே பெஜோ நிறுவனத்தினர் இதைச் செய்துவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. எல்76 என்ற அவர்களுடைய 7.6 லிட்டர் பந்தயக் காரில் இரட்டை கேம், சிலிண்டருக்கு நான்கு வால்வு. அந்த ஆண்டு தியெப்பில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியை ஜார்ஜ் புவாயோ அதில்தான் வென்றார்.

அளவுகளுக்கு வருகிறேன். கிராங்கின் ஒவ்வொரு கோணத்திலும் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வரைபடத்தாளில் குறித்து வளைகோடாக வரைகிறேன். முதல் சிலிண்டரின் இன்லெட் வளைகோடு முழுமையாகிவிட்டது. மேல்முனைக்குச் சற்று முன்பே வால்வு மெல்ல அசைகிறது, பிறகு விறுவிறுவென இறங்குகிறது, உச்சியில் தயங்குகிறது, அதே முறையில் திரும்புகிறது. கீழ்முனையைக் கடந்த பிறகே மூடுகிறது; உள்ளே பாய்ந்துவரும் காற்றின் உந்தத்தையும் பயன்படுத்திக்கொள்ளத்தான் அது. சிலிண்டர்களின் கேம் முனைகள் கேம் தண்டில் 120 டிகிரி இடைவெளியில் வருகின்றன. கைப்பிடியிலும் இதை உணரலாம். வால்வு இறங்கும்போது கை கனக்கிறது. முனை உச்சியைத் தாண்டியதும் ஸ்பிரிங் கேமை முன்னே தள்ள, கைப்பிடி தானாக ஓடப் பார்க்கிறது. ஸ்பிரிங்கில் செலவிட்ட ஆற்றலின் பெரும்பகுதி திரும்பி வருகிறது என்பதைக் கையே சொல்லிவிடுகிறது.

இந்தச் சோதனையிலேயே எனக்கு மிகப் பிடித்தது அடுத்தது. இன்லெட் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் செயினில் ஒரு பல் முன்னே மாற்றினேன். எக்ஸாஸ்ட் வளைகோடு அசையவே இல்லை. இன்லெட் வளைகோடு மட்டும் அப்படியே இடப்பக்கம் நகர்ந்தது. இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடியது. ஒற்றை கேம் தண்டில் இப்படிச் செய்ய முயன்றால் இரண்டும் ஒன்றாக நகரும். ஓடும்போதே கேமின் கோணத்தை மாற்றும் விவிடி அமைப்பு, இரண்டு தண்டுகள் தனித்தனியாக இருப்பதால்தான் இவ்வளவு எளிதாகிறது. (காரில் இருக்கும் என்ஜினில் யாரும் பல்லை மாற்றிப் பார்க்க வேண்டாம். வால்வு பிஸ்டனில் இடிக்கலாம்.)

ஒரு குறையையும் எழுதிவைக்க வேண்டும். திறப்பு பெரிதாக இருப்பதால் குறைந்த வேகத்தில் காற்றின் ஓட்டம் மந்தமாகிறது. பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு போகும் ஏற்றத்தில் இப்படிப்பட்ட சிறிய என்ஜின் கியரைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சும். வேகம் ஏறியதும் சுறுசுறுப்பாகிவிடும். காரணம் இப்போது வரைபடத்தாளில் இருக்கிறது.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கியதிலிருந்து காற்றில் ஈரம் அதிகம். வேலை முடிந்ததும் கேம் முனைகளில் தூரிகையால் என்ஜின் ஆயில் பூசி மூடிவைக்கிறேன். எக்ஸாஸ்ட் பக்கம் இன்னும் இரண்டு சிலிண்டர்களுக்கு அளவு எடுக்க வேண்டும். அதன் பிறகு பழைய கார்புரேட்டர் மாருதி 800-இன் ஆறு வால்வு ஹெட்டை இதே சட்டத்தில் ஏற்றப்போகிறேன். அதற்கான தாங்கு பலகைகளை அறுத்தாகிவிட்டது. துளை போடுவதுதான் பாக்கி.